வந்தாய்ங்க, போனாய்ங்க: மதுரைப் பாத்திரத்துக்கு யாரைப் போடுவது?

அனைவருக்கும் வணக்கம். நான் இப்போது மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில், தங்கம் தியேட்டர் இருந்த இடத்துக்கு எதிரே நிற்கிறேன். 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்து படம் பார்த்த அந்த அரங்கின் முதல் படம், 1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’. இன்றைய பேச்சுக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் படம் உருவானபோதே, இந்த வேடத்துக்கு இந்த ஆள் சரிப்படுவாரா என்ற வழக்கு நடந்தது. புதுமுகமாக வந்த சிவாஜி கணேசனின் மெலிந்த உடம்பைப் பார்த்து ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் தயங்க, இவரைத்தான் போட வேண்டும் என்று படத்தின் தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் முதலியார் விடாப்பிடியாக நின்றார். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

அதே வழக்கை, ஆளும் படமும் மாற்றி, சென்ற சனிக்கிழமை இரவு டவுன்ஹால் ரோட்டு டீக்கடையில் கடை அடைக்கும் வரை நாங்கள் நான்கு பேர் நடத்தினோம். மதுரைக்காரனாக நடிக்க மதுரைக்காரனே வேண்டும் என்பது ஒருவருடைய கட்சி. நடிகன் என்றால் எந்த ஊர்க்காரனாகவும் மாறத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இன்னொருவருடைய கட்சி. இருவருமே கதாநாயகனை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள் என்பது என் வாதம். ஒரு படம் எங்கள் ஊர்ப் படமா இல்லையா என்பதை, கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு வரி பேசிவிட்டுப் போகிறவரின் வாய்தான் காட்டிக்கொடுக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். தெருப் பையன்கள் கூட்டமாக வந்ததைச் சொல்லும்போது நாங்கள் ‘அவய்ங்க வந்தாய்ங்க’ என்போம். அந்த ‘ய்ங்’ பாதி மூக்கிலும் பாதி அண்ணத்திலும் நிற்கும். எழுதிக் கொடுத்து ஒருவரைப் பேச வைத்துவிட முடியாது. ஆனால் அதே வாய், மாமனார் வந்ததைச் சொல்லும்போது ‘அவுக வந்தாக’ என்று தானாகவே தணிந்துவிடும். யாரை எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பது அந்த ஒரு விகுதியில் இருக்கிறது. இதை அறியாமல் மூத்தவரையும் ‘வந்தாய்ங்க’ என்று ஒரு பாத்திரம் சொல்லிவிட்டால், அந்தக் காட்சியில் எவ்வளவு கண்ணீர் சிந்தினாலும் எனக்குள் அது இறங்குவதில்லை. தாமிரபரணிக் கரைக்கு உரிய ‘ஏலே’யைத் தூக்கிக் கொண்டுவந்து செல்லூர்க்காரர் வாயில் வைக்கும்போது திரையரங்கில் எழும் சலசலப்பை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அப்படியானால் உள்ளூர்க்காரரை மட்டும்தான் போட வேண்டுமா என்று கேட்டால், ‘ஆடுகளம்’ என் வாயை அடைத்துவிடுகிறது. சேவல் சண்டையையும் திருப்பரங்குன்றத்துத் தெருக்களையும் அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய அந்த 2011ஆம் ஆண்டுப் படத்தில், பேட்டைக்காரனாக வந்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலன். அவருக்குக் குரல் கொடுத்தவர் ராதாரவி. கன்னடத்திலிருந்து வந்த கிஷோருக்குச் சமுத்திரக்கனி பேசினார். முகம் ஓரிடம், குரல் ஓரிடம். ஆனாலும் தன் சொல்லை மீறித் தன் சீடன் சேவலை விட்டு வென்றுவிட்டான் என்பதைத் தாங்கமுடியாத அந்தக் கிழவரை, எங்கள் தெருவில் பார்த்த மனிதராகவே நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஜெயபாலனுக்குத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டும் கிடைத்தது. வடக்கிலிருந்து வந்த டாப்சியை ஆங்கிலோ இந்தியப் பெண்ணாக வைத்ததும் நல்ல யோசனை. அவரிடம் தெரிந்த அந்நியம் அந்தப் பாத்திரத்துக்கே சொந்தமானதாகிவிட்டது. ஆகவே பிறந்த ஊரைவிட இயக்குநரின் காதுதான் முக்கியம் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

இனி, எங்களுக்குள் குரல் உயர்ந்த இடத்துக்கு வருகிறேன். மதுரை என்றாலே அரிவாள் என்று சினிமா எங்களைக் கெடுத்துவிட்டது என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். 2004ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ‘விருமாண்டி’, ஏப்ரலில் ‘கில்லி’, டிசம்பரில் ‘காதல்’. மூன்றிலும் எங்கள் பக்கத்து ஆட்கள் அடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள். ஆனால் மூன்றையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘கில்லி’ 2003இல் வந்த ‘ஒக்கடு’ என்ற தெலுங்குப் படத்தின் மறு ஆக்கம். அங்கே கதை நடந்த ஊர், ஆந்திராவின் ராயலசீமைப் பகுதியில் உள்ள கர்னூல். வில்லன் ஓபுல் ரெட்டி. ராயலசீமையின் கோஷ்டிச் சண்டைக்காக உருவாக்கிய அந்த மனிதரைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ஓர் ஊர் தேவைப்பட்டது. மதுரையைக் கொடுத்து, முத்துப்பாண்டி என்று பெயரும் வைத்தார்கள். இரண்டிலும் நடித்தவர் பிரகாஷ்ராஜ்தான். அவருடைய நடிப்பை நான் மிகவும் விரும்புகிறேன். 2024இல் படம் மறுபடியும் திரைக்கு வந்தபோது முத்துப்பாண்டி சொல்லும் ‘செல்லம்’ என்ற சொல்லுக்கு அரங்கமே சேர்ந்து குரல் கொடுத்ததில் என் குரலும் இருந்தது. ஆனாலும் அந்தக் கோபம் கர்னூலில் இருந்து வந்த கோபம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

‘காதல்’ படத்தில் வரும் வன்முறை அப்படிப்பட்டதன்று. மெக்கானிக் பையனை ஒரு பெரிய வீட்டுப் பெண் விரும்பிவிட்டாள் என்பதற்காக ஒரு குடும்பம் என்னவெல்லாம் செய்யும் என்பதை அந்தப் படம் சொல்கிறது. அது எங்கள் ஊரில் நடக்காது என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ‘எங்களைக் கெட்டவர்களாகக் காட்டுகிறார்கள்’ என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புகார் சொன்னால், உண்மையைச் சொன்ன படத்தையும் சேர்த்தே தள்ளிவிடுவோம். நண்பர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதே மண்ணில் அரிவாளே தேவைப்படாத படமும் வந்திருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்தில் நடக்கும் ‘கடைசி விவசாயி’, 2022இல் வெளிவந்தது. இயக்குநர் மணிகண்டன், மாயாண்டி என்ற முதியவராக நல்லாண்டி என்ற உண்மையான விவசாயியையே நடிக்க வைத்தார். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக அந்தக் கிழவர் மீது வழக்கு வருகிறது. நீதிமன்றத்தில் நிற்கும்போதும் அவருடைய கவலையெல்லாம், தண்ணீர் இல்லாமல் நிற்கும் நெற்பயிரைப் பற்றித்தான். படம் வெளிவருவதற்கு முன்பே நல்லாண்டி காலமாகிவிட்டார். 69ஆவது தேசிய விருதுகளில் அவர் பெயருக்குச் சிறப்புப் பாராட்டு வந்தது.

அந்தப் படத்தை என் அம்மாவோடு வீட்டில் பார்த்தேன். அவர் பிறந்தது உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். மாயாண்டி மெதுவாக ஏதோ சொல்ல, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, ‘ஆமாய்யா, அப்புடித்தேன்’ என்று திரைக்குப் பதில் சொன்னார். தான் பதில் சொன்னது அவருக்கே தெரியவில்லை.

உங்கள் ஊர்ப் பேச்சைத் தப்பாகப் பேசிய பாத்திரம் எது, சரியாகப் பேசிய பாத்திரம் எது என்பதை, அந்தச் சொல்லையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். கதாநாயகர்களை விட்டுவிடுங்கள், டீக்கடைக்காரர், நடத்துநர், அத்தை, சித்தப்பா என்று சின்ன வேடக்காரர்களாகச் சொல்லுங்கள். வருகிற சனிக்கிழமை டீக்கடைக்கு அந்தப் பட்டியலோடுதான் போகப்போகிறேன்.