அஞ்சாவது ஆளோட முறை

வணக்கம் நேயர்களே. கம்ப்யூட்டர் கேம் பத்தி பேசணும்னு கூப்பிட்டப்பவே சொல்லிட்டேன், சார் நான் ஆடறது சுடற கேமும் இல்ல, கார் ஓட்டற கேமும் இல்ல, பேங்க் கிளார்க் மாதிரி உக்காந்து கட்டம் கட்டமா நம்பர் பார்க்கற கேமுன்னு. பரவாயில்ல வாங்கன்னாங்க. அதனால இந்த அஞ்சு நிமிஷத்துக்கு பொறுப்பு அவங்கதான்.

கேம் பேரு அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால். மார்க்கஸ் ஹைன்சோன்னு ஒரு ஜெர்மன்காரர் உருவாக்குனது, முதல் வெர்ஷன் 1999ல வந்துச்சு. இதுல நீங்க மட்டையும் சுத்த வேணாம் பந்தும் வீச வேணாம், நீங்க மேனேஜர், யாரை இறக்கணும் யாரை உக்கார வைக்கணும்னு முடிவு பண்ணினா போதும், மிச்சத்தை கம்ப்யூட்டரே ஆடி ஸ்கோரை கையில குடுத்துடும். திட்டு மட்டும் நமக்கு.

அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் போட்டி மேஜர் லீக், அதுல ஒரு டீமுக்கு சீசனுக்கு 162 ஆட்டம், கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்னு வெச்சுக்கங்க. நம்ம இருபது ஓவர் கிரிக்கெட்ல ஒருத்தர் நாலு ஓவர் போட்டுட்டு மறுநாளே வேணாலும் வந்து போடுவாரு. இங்க பந்து வீசறவருக்கு பிட்சர்னு பேரு, ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்கற பிட்சருக்கு ஸ்டார்ட்டர்னு பேரு, அவரு 90, 100 பந்து முழு வேகத்துல வீசிட்டு போனா அப்புறம் நாலு நாள் அவரை ஆட்டத்துல தொடக்கூடாது. அதனால அஞ்சு பேரை வரிசை கட்டி சுத்த விடறாங்க, அதான் ரொட்டேஷன். 162ஐ அஞ்சால வகுத்துப் பாருங்க, ஆளுக்கு 32 சொச்சம் வரும்.

அஞ்சு பேரு எழுதினா வேலை முடிஞ்சுது, இதுல மேனேஜர் எதுக்குன்னுதான் நானும் நினைச்சேன். கேம் அங்கதான் ஒரு கேள்வி கேக்குது: வரிசை மாறாம போகவா, இல்ல ரெஸ்ட் முடிஞ்சவங்கள்ல லிஸ்ட்ல மேல இருக்கறவனை இறக்கவா? 162 ஆட்டமும் கிட்டத்தட்ட 186 நாள்ல நடக்குது, நடுவுல லீவு நாள் வருது, லீவு வந்தா முதல் ஆளு ரெடியா நிப்பான், அஞ்சாவது ஆளைத் தாண்டிட்டு அவனையே போடலாம். அப்படி சீசன் பூரா பண்ணினா நம்ம பெரிய ஆளுக்கு ரெண்டு மூணு ஆட்டம் கூடவே கிடைக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு.

எனக்கு அது பத்தல. 1971ல பால்டிமோர் ஓரியோல்ஸ்னு ஒரு டீம், மேனேஜர் ஏர்ல் வீவர். பால்மர், மெக்நாலி, குயேயார், டாப்சன்னு நாலே பேரு, நாலு பேருமே ஆளுக்கு இருபது ஆட்டமாவது ஜெயிச்சாங்க, டீம் ஜெயிச்ச 101ல இவங்க நாலு பேரு கணக்கு மட்டும் 81. இதைப் படிச்சதுல இருந்து எனக்கு அஞ்சாவது ஆளே தண்டச்சோறுன்னு தோண ஆரம்பிச்சுது. ஆனா என் லீக் இந்தக் காலத்து லீக், இதுல பிட்சர் ஸ்டாமினாவும் இந்தக் காலத்து அளவுதான், அதை நான் யோசிக்கவே இல்ல. செப்டம்பர் மாசம், பாயிண்ட் டேபிள்ல முதல் டீமுக்கு ரெண்டு ஆட்டம் பின்னாடி இருக்கேன், என் முதல் ஆளை மூணு நாள் ரெஸ்ட்ல இறக்கினேன், ஜெயிச்சான், திரும்ப மூணு நாள்ல இறக்கினேன், அதுவும் ஜெயிச்சான், மூணாவது தடவை, ஆட்டத்தோட ஒம்பது இன்னிங்ஸ்ல நாலாவது நடக்கும்போது மெசேஜ் வருது, முழங்கை லிகமென்ட் கிழிஞ்சுது, ஒரு வருஷம் அவுட். கம்ப்யூட்டர் பேரு வெச்சு உண்டாக்கின பையன் அவன், உலகத்துல அப்படி ஒரு ஆளே கிடையாது, ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. வீட்ல யார்கிட்டயும் சொல்லவும் முடியல.

நிஜத்துல இந்தக் காயத்துக்கு செய்யற ஆபரேஷன் பேரே ஒரு பிட்சர் பேருதான், டாமி ஜான். 1974ல ஃபிராங்க் ஜோப்னு டாக்டர் அவரோட வலது கையில இருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில வெச்சு தெச்சாரு, 1976ல திரும்ப வந்து ஆடினாரு, அதுக்கப்புறம் மட்டும் 164 ஆட்டம் ஜெயிச்சாரு. என் பையன் திரும்பி வந்தான், ஆனா பழைய வேகம் வரல.

அப்புறம்தான் அஞ்சாவது ஆளைத் தேட ஆரம்பிச்சேன். எல்லாரும் ஸ்டஃப்னு ஒரு நம்பரைப் பார்ப்பாங்க, எவ்வளவு மிரட்டலா வீசறான்னு சொல்ற நம்பர் அது. எனக்கு இப்ப முதல்ல கண்ணு போறது ஸ்டாமினாவுக்கும் எத்தனை வகை பந்து கைவசம் இருக்குங்கறதுக்கும்தான். ரெண்டு வகையை வெச்சுக்கிட்டு அட்டகாசமா வீசறவனா, அவனை புல்பென்ல, அதாவது ஸ்டார்ட்டருக்கு அப்புறம் நடுவுல வந்து வீசற கூட்டத்துல போடுங்க, ஒரு இன்னிங்ஸ் வீசட்டும். ஏன்னா அதே ஒம்பது பேட்ஸ்மேனும் மூணாவது ரவுண்டு வரும்போது அவன் சரக்கு பூரா பார்த்திருப்பாங்க. டாம்பா பே ரேஸ் டீம் 2018 மே மாசம் இதுக்கு ஒரு குறுக்கு வழி பண்ணினாங்க, கடைசியில வந்து வீசற செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸ்ல இறக்கிட்டாங்க, வந்தவரு மூணு பேரையும் ஸ்ட்ரைக் அவுட் பண்ணிட்டு போனாரு, மறுநாளும் அவரே ஆரம்பிச்சாரு. நானும் ட்ரை பண்ணினேன், ரெண்டு வாரத்துல புல்பென் மொத்தமும் களைச்சுப் படுத்துடுச்சு. ஜப்பான் மாதிரி ஆறு பேரு வெச்சும் பார்த்தேன், பெரிய ஆளுக்கு 27 ஆட்டம்தான் வருது, மனசு கேக்கல.

இப்ப என் அஞ்சாவது ஆளுக்கு வயசு 34. வேகம் இல்ல, நாலு வகை பந்து இருக்கு, நாலுமே சுமார். அஞ்சு இன்னிங்ஸ் வீசுவான், மூணு ரன் குடுப்பான், இதுவரைக்கும் ஒரு நாள் கூட காயம்னு உக்காரல. இன்னிக்கு ராத்திரி கேமைத் திறந்தா அவன் முறைதான். திரும்பவும் செப்டம்பர், திரும்பவும் ரெண்டு ஆட்டம் பின்னாடி, முதல் ஆளு மூணு நாள் ரெஸ்ட் முடிச்சு லிஸ்ட்ல மேல நிக்கறான். என் கை எந்தப் பேரு மேல போகும்னு எனக்கு நல்லாவே தெரியும், அதனால மவுஸை வீட்ல இருக்கற என் மகன்கிட்ட குடுத்து நீயே அமுக்குடான்னு சொல்லலாம்னு இருக்கேன். வணக்கம்.