குளியலறைக் கேமராவும் சாங்கிப் போர்வையும்

[திரையில்: இருட்டு. இரும்புக் கதவு சாத்தும் சத்தம்.]

வணக்கம் மக்களே. சிங்கப்பூர் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் யாங்ட்சி என்று ஒரு தியேட்டர் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 2016-ல் மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் அம்மா என் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போவார். தமிழ்நாட்டில் 'காலைக்காட்சிப் படம்' என்பார்களே, அங்கே ஓடியது கிட்டத்தட்ட அந்த ரகக் கவர்ச்சிப் படங்கள். அதில் ஒரு கிளைதான் இன்றைக்கு: பெண்கள் சிறைப் படங்கள்.

கதை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஒன்றும் தெரியாத புதுப்பெண் உள்ளே வருவாள். ஒரு குளியல் காட்சி. ஒரு குடுமிப்பிடிச் சண்டை. ஈவிரக்கமில்லாத வார்டன். கடைசியில் தப்பியோட்டம், துப்பாக்கி, தீ. டிக்கெட் விற்றது குளியல் காட்சிக்கு. மற்றதெல்லாம் அதைச் சுற்றிய பொட்டலம்.

[திரையில்: 1971, மணிலா.]

இந்தச் சரக்குக்குப் பெரிய சந்தை உண்டு என்று காட்டியது 1971-ல் வந்த 'த பிக் டால் ஹவுஸ்'. தயாரிப்பாளர் ராஜர் கோர்மனின் நியூ வேர்ல்ட் நிறுவனம், இயக்குநர் ஜாக் ஹில். அமெரிக்கப் படம், ஆனால் எடுத்தது பிலிப்பைன்ஸில். கூலி மலிவு, காடு இலவசம். நடிகை பாம் கிரியர் கவனம் பெற்றது இதில்தான். படத்தில் ஒரு பாட்டும் பாடினார். 1997-ல் இயக்குநர் டாரன்டினோ கிரியரை வைத்து 'ஜாக்கி பிரவுன்' எடுத்தபோது, அவருடைய பாத்திரம் சிறைக்குப் போகும் இடத்தில் அதே பாட்டை ஒலிக்கவிட்டார்.

1972-ல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் போட்டு ஆயிரக்கணக்கானவர்களை நிஜச் சிறையில் தள்ளினார். அதே நாட்டில் பொய்ச் சிறை கட்டுவது அப்புறமும் நிற்கவில்லை.

எனக்குப் பிடித்தது 1974-ல் வந்த 'கேஜ்ட் ஹீட்'. ஜொனதன் டெம்மியின் முதல் படம். ஆம், பின்னாளில் 'த சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய அதே டெம்மி. அதில் கைதிகள் ஆண்வேஷம் கட்டி மேடையில் கூத்தடிப்பார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வார்டனின் முகம் இறுகிப்போகும். அப்புறம் கனவில் அவளே மேடையேறி ஆடுவாள். அந்த வார்டனுக்குள்ளேயும் ஒருத்தி அடைபட்டுக் கிடக்கிறாள் என்று வசனமே இல்லாமல் டெம்மி சொல்லிவிடுகிறார். அதற்காகப் படம் புனிதமாகிவிடாது. குளியல் காட்சி இதிலும் உண்டு, கேமரா அங்கே தேவைக்கு மேலேயே நிற்கிறது.

இங்கே சிங்கப்பூரில் 1991 வரை வயதுவாரித் தரப்பிரிவே கிடையாது. எல்லோரும் பார்க்கலாம் என்றால் ஓடும். இல்லையென்றால் வெட்டு, அல்லது தடை.

[திரையில்: ஷா நிறுவனச் சின்னம்.]

சரி, நம்ம ஊர்ச் சங்கதிக்கு வருவோம். சிங்கப்பூரில் தியேட்டர் தொழிலை வளர்த்த ஷா சகோதரர்களின் ஹாங்காங் ஸ்டூடியோவும் 1973-ல் ஒன்று எடுத்தது: 'த பேம்பூ ஹவுஸ் ஆஃப் டால்ஸ்'. களம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் நடத்திய பெண்கள் முகாம். இது மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. அப்படி ஒரு இடம் சிங்கப்பூரின் சாங்கியில் நிஜமாகவே இருந்தது.

1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர்கள் ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். ராணுவத்தில் இருந்த கணவன்மார் வேறு முகாமில். மனைவி உயிரோடு இருக்கிறாளா என்பதே பலருக்குத் தெரியாது. அந்தப் பெண்கள் ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரத் துணி எடுத்து, பூவோ வீடோ எதையாவது தைத்து, கூடவே பெயரையும் தைத்தார்கள். 66 சதுரம் சேர்த்து ஒரு போர்வை. அப்படி மூன்று. காயம்பட்ட வீரர்களுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். பெயர் போய்ச் சேர்ந்தால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம்.

[திரையில்: போர்வையின் ஒரு சதுரம், மிக நெருக்கத்தில்.]

நான் பார்த்த எந்தச் சிறைப் படத்திலும் ஒருத்தி ஊசியில் நூல் கோத்ததில்லை.

இரண்டு போர்வைகள் இப்போது ஆஸ்திரேலியாவின் கான்பரா போர் நினைவகத்தில் இருக்கின்றன. மூன்றாவது பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம்.