பழைய ஆண்ட்ராய்டு போனில் வெப் சர்வர்: நிறுவுவதும் நிற்காமல் ஓட்டுவதும்

[திரையில்: பழைய போன், பக்கத்தில் லேப்டாப் பிரவுசரில் ஒரு வலைப்பக்கம்]

வணக்கம். சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஒரு சின்ன வெப் சர்வர் ஓட்டப் போகிறோம். ரூட் செய்ய, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தைப் பெற, தேவையில்லை. நாலைந்து ஸ்டாட்டிக் பக்கங்கள் (உள்ளடக்கம் மாறாதவை), சென்சார் அளவுகளைக் காட்டும் ஒரு டாஷ்போர்டு போன்றவற்றுக்கு இது தாராளமாகப் போதும். நிறுவுவது சுலபம். ஸ்கிரீன் அணைந்த பிறகும் சர்வர் பதில் சொல்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில், போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் டெர்மக்ஸ் ஆப். எஃப்-டிராய்டு என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப் தளத்திலோ கிட்ஹப்பிலோ எடுங்கள். டெர்மக்ஸ் பூட் என்ற துணை ஆப்பும் பின்னால் தேவைப்படும். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஆப்பில் கையெழுத்திடும் சாவி வேறு. கலந்து எடுத்தால் இரண்டாவது ஆப் இன்ஸ்டாலே ஆகாது.

[திரையில்: பிகேஜி அப்கிரேட். அடுத்த வரியில், பிகேஜி இன்ஸ்டால் லைட்டிபிடி]

லைட்டிபிடி என்ற வெப் சர்வரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. வழக்கமான அமைப்பில் எல்லா இணைப்புகளையும் அது ஒரே பிராசஸில் (ஓடும் நிரலில்) கவனித்துக்கொள்ளும். மெமரி மிச்சம். பிராசஸ் எண்ணிக்கை குறைவது அதைவிடப் பெரிய லாபம். ஏன் என்று சற்று நேரத்தில் தெரியும்.

[திரையில்: கான்ஃபிக் கோப்பு, ஒவ்வொரு வரியாக]

கான்ஃபிக் கோப்பை நாமே எழுதுவோம். போர்ட் 8080. ரூட் இல்லாத ஆப், 1024-க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்க லினக்ஸ் விடாது. அதனால் 80 கிடைக்காது. அடுத்து டாக்குமென்ட் ரூட், அதாவது பக்கங்கள் இருக்கும் ஃபோல்டர். இங்கே முழுப் பாதையைக் கொடுங்கள். ஷெல்லில் ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் அலைக்கோடு (~) இந்தக் கோப்பில் வேலை செய்யாது, 'பக்கம் இல்லை' என்ற 404 தான் வரும். பக்கங்களை டெர்மக்ஸின் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வையுங்கள். பொது ஸ்டோரேஜில் வைத்தால் தனி அனுமதி வாங்க வேண்டும், வேறொரு கோப்பைச் சுட்டும் சிம்லிங்க்கும் போட முடியாது.

மூன்றாவது, எந்த எக்ஸ்டென்ஷன் என்ன வகைக் கோப்பு என்று சொல்லும் மைம் பட்டியல். ஒரு எக்ஸ்டென்ஷன் இதில் விடுபட்டால் பிரவுசர் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் டவுன்லோடு செய்துவிடும். எச்டிஎம்எல் வரியில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைக் குறிப்பிடுங்கள். சர்வரும் சொல்லாமல், பக்கத்தின் மெட்டா டேகும் சொல்லாமல் விட்டால், தமிழ் எழுத்துகள் கிறுக்கலாகத் தெரிய வாய்ப்புண்டு.

[திரையில்: போன் பிரவுசரில் 127.0.0.1:8080]

சர்வரைத் தொடங்கி, அதே போனின் பிரவுசரில் பாருங்கள். இங்கே தெரிந்து, லேப்டாப்பில் போனின் ஐபியைப் போட்டால் தெரியவில்லையா? கான்ஃபிக்கைக் கிளறாதீர்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா, அது கெஸ்ட் நெட்வொர்க்கா என்று பாருங்கள். பல ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. ஐபி மாறாமல் இருக்க ரவுட்டரில் அதை நிரந்தரமாக ஒதுக்கலாம். ரவுட்டர் போனை அடையாளம் காண்பது மேக் முகவரியை வைத்து. அதனால் அதற்கு முன், அந்த வைஃபைக்கு மட்டும் மேக் முகவரி மாற்றத்தை அணைத்து, போனின் சொந்த மேக் முகவரியைத் தேர்ந்தெடுங்கள்.

[திரையில்: ஸ்கிரீன் அணைகிறது, லேப்டாப்பில் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது]

இனி ஆண்ட்ராய்டோடுதான் மல்லுக்கட்டு. ஆண்ட்ராய்டு 6-இல் டோஸ் என்ற தூக்க முறை வந்தது. சார்ஜரில் இல்லாத போன் அசையாமல் கிடந்தால், ஆப்களின் நெட்வொர்க்கையும், போனைத் தூங்கவிடாமல் பிடித்துவைக்கும் வேக்லாக்கையும் அது முடக்கும். டெர்மக்ஸின் நோட்டிஃபிகேஷனில் வேக்லாக் பொத்தானை அழுத்துங்கள். அதோடு, பேட்டரி ஆப்டிமைசேஷனிலிருந்தும் டெர்மக்ஸுக்கு விலக்கு கொடுங்கள். ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள், இரண்டும் வேண்டும்.

அப்படியும் 'சிக்னல் 9' என்ற வரியோடு எல்லாம் செத்துக் கிடந்தால், ஆண்ட்ராய்டு 12-இல் வந்த ஃபேன்டம் பிராசஸ் கட்டுப்பாட்டைச் சந்தேகப்படுங்கள். எல்லா ஆப்களும் கிளப்பிய துணைப் பிராசஸ்கள் சேர்ந்து 32-ஐத் தாண்டினால், சிஸ்டம் கொல்லத் தொடங்கும். ஒரே பிராசஸில் ஓடும் சர்வரை விரும்பியது இதற்காகத்தான். ஆண்ட்ராய்டு 14 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸிலேயே இந்தக் கட்டுப்பாட்டை அணைக்கலாம். 12, 13 என்றால் கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி வழியாகப் போகலாம்.

போன் ரீஸ்டார்ட் ஆனால் சர்வர் தானாக எழ, டெர்மக்ஸ் பூட் ஆப்பை ஒருமுறை கையால் திறந்துவிட்டு, அதற்கான ஃபோல்டரில் ஒரு ஸ்கிரிப்ட் போடுங்கள். முதல் வரி வேக்லாக், இரண்டாவது வரி லைட்டிபிடி.

[திரையில்: பின்மூடி லேசாக மேலெழுந்த போன், பக்கவாட்டில் நெருக்கமாக]

இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். லித்தியம் பேட்டரியை நாள் முழுக்க 100 சதவீதத்தில், அதுவும் சூட்டில் வைத்திருந்தால் அது சீக்கிரம் கெட்டு, இப்படி உப்பலாம். போனில் 80 சதவீத சார்ஜ் வரம்பு இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் சார்ஜரை டைமர் பிளக்கில் மாட்டுங்கள். கவரைக் கழற்றிவிட்டு, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். மூடி எழும்பிவிட்டால் சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, அந்த போனை இனிப் பயன்படுத்தவும் கூடாது.

வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால், மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் நேரடி ஐபிவி4 முகவரி கிடைக்காது. ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த இணைய சர்வர்) இருந்தால், போனிலிருந்து அதற்கு எஸ்எஸ்எச் ரிவர்ஸ் டன்னல் போடலாம், அதாவது அங்கு வரும் இணைப்பைப் போனுக்குக் கொண்டுவரும் பாதுகாப்பான வழி. அந்த டன்னல் வழக்கமாக விபிஎஸ்ஸுக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும்தான் ஏற்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் எச்டிடிபிஎஸ் சான்றிதழோடு ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி (வெளிக் கோரிக்கையை வாங்கி டன்னலுக்கு அனுப்பும் சர்வர்) வையுங்கள். போனின் 8080 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம்.