எம்ஜிகே ராப்பை விட்டு ஓடிய ஆள் இல்லை: ஒரு இசைத்தட்டு, ஒரு எர்த் வயர்

வணக்கம் மக்களே. சுக்குக் காபி ரெடி. மின்விசிறியை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் இன்றைக்குச் சத்தம்தான் முக்கியம். வேர்த்தால் வேர்க்கட்டும்.

போன வீடியோவில் ஒரு இசைத்தட்டு ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் காட்டுகிறேன் என்று சொன்னேன் இல்லையா? வந்துவிட்டது. இதோ பாருங்கள். அமெரிக்கப் பாடகர் மெஷின் கன் கெல்லியின், சுருக்கமாக எம்ஜிகேயின், 'டிக்கெட்ஸ் டு மை டவுன்ஃபால்' ஆல்பம். 3,650 ரூபாய். அனுப்புகிற செலவு 250, ஆக 3,900. இவ்வளவு கொடுத்து வாங்கினால் இந்த மூலையைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். தெரிகிறதா? நோட்டுப் புத்தகத்து அட்டை மாதிரி மடங்கியிருக்கிறது. உள்ளே தட்டில் கீறல் இல்லை, சுத்தமாக இருக்கிறது. ஆனால் 3,900 ரூபாய்க்கு இன்னும் ஒரு அட்டையை வைத்துக் கட்டியிருக்கலாம். விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பி நான்கு நாள் ஆகிறது, பதில் இல்லை. பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை.

சரி, அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த வீடியோவே. கிட்டார் வகுப்பில் ஒரு தம்பி, நல்ல பையன், நன்றாக வாசிப்பான். நான் இந்த ஆல்பத்தைப் பற்றிச் சொன்னதும் சட்டென்று, "அவனா? எமினெம்கிட்ட அடி வாங்கிட்டு ராக் பக்கம் ஓடினவன்தானே அண்ணா?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்பு. எமினெம் பெரிய ராப் நட்சத்திரம், 2018-ல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிப் பாட்டு விட்டார்கள், அதைத்தான் சொல்கிறான். இந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அது தப்பு. கணக்குப் பார்த்தாலே தப்பு என்று தெரியும்.

அவருடைய இயற்பெயர் கோல்சன் பேக்கர். 1990 ஏப்ரல் 22, டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில் பிறந்தார். அப்பா அம்மா இரண்டு பேரும் கிறிஸ்தவ ஊழியம் செய்தவர்கள், அதனால் சின்ன வயதிலேயே எகிப்து, ஜெர்மனி என்று ஊர் ஊராக அலைந்த பையன். அப்புறம் அம்மா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அப்பாவும் பையனும் டென்வரில் அத்தை வீட்டில் தங்கினார்கள். அப்பாவுக்கு வேலை இல்லை, மன அழுத்தம் வேறு. டென்வரில் பள்ளிக்கூடம் போகும்போதுதான் டிஎம்எக்ஸ், லூடக்ரிஸ், எமினெம் பாட்டெல்லாம் காதில் விழுந்து ராப் பிடித்துக்கொண்டது. ஆமாம், எமினெமும்தான். பின்னால் சண்டை போட்டது, சின்னப் பையனாக எந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தாரோ அந்த ஆளோடு.

பிறகு ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து. அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் கிளீவ்லாந்து என்றுதான் நான் சொல்வேன். ஷேக்கர் ஹைட்ஸ் பள்ளியில் படித்தார். படபடவென்று துப்பாக்கி சுடுகிற மாதிரி வார்த்தைகளைக் கொட்டுவார், அதனால் மெஷின் கன் கெல்லி என்ற பெயர். அமெரிக்காவில் பழைய காலத்துக் கொள்ளைக்காரன் ஒருவனுக்கு இருந்த பட்டப்பெயர் அது. 2009-ல் நியூயார்க் ஹார்லெமில் இருக்கும் அப்பல்லோ அரங்கத்தில் புதியவர்களுக்கான போட்டியில் ராப் பாடி ஜெயித்தார். அதே காலத்தில் சிபோட்லே உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதே வருடம் மகளும் பிறந்துவிட்டாள். பத்தொன்பது வயது. கையில் குழந்தை, பகலில் பரிட்டோ சுருட்டுகிற இடத்தில் சம்பளம், ராத்திரி மேடை. இதை யோசித்தாலே எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

2011-ல் பேட் பாய் என்ற இசை நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டது. ராப் பாடகர் வாக்கா ஃப்ளாக்கா ஃப்ளேமோடு 'வைல்ட் பாய்' பாட்டு வந்தது. 2012 அக்டோபரில் முதல் ஆல்பம் 'லேஸ் அப்', அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் நான்காவது இடம்.

இங்கேதான் நிற்க வேண்டும். அந்த முதல் ஆல்பத்திலேயே 'சேவ் மீ' என்று ஒரு பாட்டு. அதில் கூட வந்தது யார்? அவெஞ்ட் செவன்ஃபோல்ட் குழுவின் எம். ஷேடோஸும் சினிஸ்டர் கேட்ஸும். சுத்தமான மெட்டல் ஆட்கள், அதாவது கனத்த ராக் வாசிக்கிறவர்கள்! அடுத்த வருடம் 2013-ல் 'பிளாக் ஃப்ளாக்' என்று ஒரு மிக்ஸ்டேப், ஆல்பம் மாதிரியே ஒரு பாட்டுத் தொகுப்பு. பிளாக் ஃப்ளாக் என்பது கலிபோர்னியாவின் பழைய பங்க் குழுவுடைய பெயர். பங்க் என்றால் வேகமான, முரட்டு ராக். அந்த மிக்ஸ்டேப்பில் ரைஸ் அகெயின்ஸ்ட் என்ற பங்க் குழுவின் 'ஸ்விங் லைஃப் அவே' பாட்டை, ஸ்லீப்பிங் வித் சைரன்ஸ் என்ற ராக் குழுவின் பாடகர் கெல்லின் குயினோடு சேர்ந்து தன் பாணியில் பாடியிருக்கிறார். இதெல்லாம் எமினெம் சண்டைக்கு ஐந்து ஆறு வருடம் முன்னால்! எங்கேயிருந்து ஓடினார், எங்கே ஓடினார்?

அப்புறம் 2016-ல் பாப் பாடகி கமிலா கபேயோவோடு 'பேட் திங்ஸ்'. பில்போர்டின் பாட்டுப் பட்டியலான ஹாட் 100-ல் நான்காவது இடம். அது ராப்பும் இல்லை, ராக்கும் இல்லை, பாப். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, சர்க்கரை கூடின பாயசம் மாதிரி. ஆனால் கோட்டைத் தாண்டுவது அவருக்கு அன்றைக்கே பழக்கமாகிவிட்டது.

இப்போது சண்டைக்கு வருவோம். எமினெமின் மகளைப் பற்றி 2012-ல் எம்ஜிகே ஒரு ட்வீட் போட்டார். அது தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2018 ஆகஸ்ட் கடைசியில் 'கமிகாஸி' ஆல்பத்தில் எமினெம் அவரைத் திட்டிப் பாடினார். செப்டம்பர் 3-ம் தேதி எம்ஜிகே பதிலுக்கு 'ராப் டெவில்' பாட்டை விட்டார். 14-ம் தேதி எமினெம் 'கில்ஷாட்' விட்டார். ராப் டெவில் ஹாட் 100-ல் 13-வது இடம், கில்ஷாட் மூன்றாவது இடம். யார் ஜெயித்தார்கள் என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலை இல்லை. எனக்கு முக்கியம் வேறு. அந்த செப்டம்பரில் எம்ஜிகே எங்கே இருந்தார் தெரியுமா? ஃபால் அவுட் பாய் குழுவின் சுற்றுப்பயணத்தில், அவர்களுக்கு முன்னால் மேடை ஏறிக்கொண்டிருந்தார். ஃபால் அவுட் பாய்! பாப் பங்க், அதாவது பாடிக்கொண்டே போகிற மெட்டில் வரும் பங்க், கேட்கிறவர்களுக்கு அந்தப் பெயரைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எமினெம் அடிக்கிறபோதே அவர் அந்த மேடையில்தான் நின்றார்.

அதற்கும் முன்னால், அதே வருடத் தொடக்கத்தில், 'தி டர்ட்' படத்தின் படப்பிடிப்பு. மோட்லி க்ரூ என்ற ராக் குழுவின் கதை. அதில் டிரம்மர் டாமி லீ வேடம் இவருக்கு. அதற்காக உட்கார்ந்து டிரம்ஸ் கற்றுக்கொண்டார். படம் 2019 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஆக, குச்சியும் சண்டைக்கு முன்னாலேயே கையில் வந்தாயிற்று.

நில்லுங்கள், நில்லுங்கள். ஒன்றைச் சொல்லாமலே போகிறேன். இந்தத் தட்டைப் போட்டுக் கேட்பதற்கு நான் பட்ட பாடு! போன மாதம் அந்தப் பழைய டர்ன்டேபிள் வாங்கினேனே, ஞாபகம் இருக்கும். போட்டவுடன் 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். வண்டு காதுக்குள் போன மாதிரி. வயரை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன், பிளக்கைத் திருப்பிப் போட்டேன். போகவே இல்லை. மூன்று நாள். கடைசியில் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், டர்ன்டேபிளிலிருந்து மெல்லிசாக ஒரு பச்சை வயர் வருகிறது, அதன் முனை பிய்ந்து சும்மா தொங்குகிறது. அதுதான் எர்த் வயர். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஒரு சின்ன திருகு இருக்கும், அதில் இது மாட்டியிருக்க வேண்டும். ஊசி தட்டிலிருந்து எடுக்கிற சிக்னல் ரொம்பச் சின்னது. அதை ஆம்ப்ளிஃபயர் பல மடங்கு பெரிதாக்கும்போது, எர்த் இல்லையென்றால் கரண்டின் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகிவிடும்.

வயரின் முனையை அரை அங்குலம் சீவினேன். உள்ளே செம்புக் கம்பிகள் தலைமுடி மாதிரி. எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கி, கொக்கி மாதிரி வளைத்து, திருகில் மாட்டி இறுக்கினேன். உம்ம்ம் என்று கத்தியது பாதியிலேயே நின்றது. அப்படி ஒரு அமைதி! பக்கத்துத் தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் பேசுவது கேட்டது. ஒரு பைசா செலவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு வயரைக் கழற்றிக் காட்டினேன், திரும்ப மாட்டிக் காட்டினேன், திரும்பக் கழற்றிக் காட்டினேன். இன்னும் அந்தச் சந்தோஷம் எனக்குப் போகவில்லை. உங்களில் யாருக்காவது இதே இரைச்சல் இருந்தால், முதலில் அந்தப் பச்சை வயரைப் பாருங்கள்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். 2019-ல் 'ஹோட்டல் டியாப்லோ' வந்தது. எனக்கு அவருடைய ராப்பில் மிகப் பிடித்தது இதுதான், 'கிளாஸ் ஹவுஸ்' ஒன்று போதும். அதே ஆல்பத்தில் 'ஐ திங்க் ஐ'ம் ஓகே', பாடகர் யங்பிளட்டும் டிராவிஸ் பார்க்கரும் சேர்ந்தது. பார்க்கர் என்றால் பிளிங்க் 182 என்ற பாப் பங்க் குழுவின் டிரம்மர். 2008-ல் விமான விபத்தில் உடம்பில் பாதிக்கும் மேல் தீக்காயம் பட்டு, பிழைத்து வந்து மறுபடி டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்த மனிதர். ராப்காரர்களோடு ரொம்ப நாளாகவே வாசித்துப் பழகியவர். அதனால்தான் இந்த ஜோடி ஒட்டியது என்பது என் எண்ணம்.

அந்த ஒரு பாட்டில் பிடித்த சூடுதான் 2020 செப்டம்பர் 25-ல் இந்தத் தட்டாக வந்தது. முதல் வாரத்தில் 1,26,000 பிரதிக் கணக்கு, பில்போர்டில் முதலிடம். அவருக்கு அதுதான் முதல் முதலிடம். 2019-ல் டூல் குழுவின் ஆல்பத்துக்குப் பிறகு ஒரு வருடமாக எந்த ராக் ஆல்பமும் அந்த இடத்தைத் தொட்டிருக்கவில்லை. தொட்டது ஒரு ராப் பாடகர்.

'பிளடி வேலன்டைன்' கேட்டுப் பாருங்கள். கிட்டாரில் பெரிய வித்தை எதுவும் கிடையாது, பவர் கார்டுதான். ஆள்காட்டி விரல் ஒரு கம்பியில், மோதிர விரல் அடுத்த கம்பியில் இரண்டு கட்டம் தள்ளி. அவ்வளவுதான், கையை அப்படியே மேலும் கீழும் நகர்த்த வேண்டியது. ஆனால் மேலே பாடுகிற மெட்டைக் கவனியுங்கள். நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றுகிறது, வார்த்தைகள்தான் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. அது ராப்காரன் மூச்சு. பார்க்கர் இரட்டை வேகத்தில் ஓட்டுகிறார், இவர் பதற்றமே இல்லாமல் தாளத்தின் மேல் ஏறி உட்காருகிறார். பத்து வருடம் ராப் பாடாத ஒருவரால் இப்படிப் பாட முடியாது. ராப்பை விட்டுவிட்டார் என்று சொல்கிறவர்களுக்கு இது கேட்கவில்லையா?

நேற்று இந்தத் தட்டில் பார்க்கரின் ஹை-ஹாட், அதாவது டிரம்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அந்த ஜோடித் தாளங்கள், எப்படிக் கேட்டது தெரியுமா? பக்கத்தில் உட்கார்ந்து யாரோ வெற்றிலைப் பாக்கு வெட்டுகிற மாதிரி, சக் சக் என்று. ஃபோனில் இதே பாட்டை நூறு தடவை கேட்டிருப்பேன், அது தனியாகக் காதில் விழுந்ததே இல்லை.

2022 மார்ச்சில் வந்த 'மெயின்ஸ்ட்ரீம் செல்அவுட்' இந்த அளவுக்கு இல்லை. அதுவும் முதலிடம், கிராமிக்குப் பரிந்துரை எல்லாம் உண்டு. ஆனாலும் 'ஈமோ கேர்ள்' வந்தால் நான் ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைத்துவிடுவேன். மன்னித்துவிடுங்கள், பிடிக்கவில்லை. ஆனால் அதே வருடம் ஆகஸ்ட் 13-ல் கிளீவ்லாந்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் கச்சேரி. அந்த நாளை மெஷின் கன் கெல்லி நாள் என்று மேயரே அறிவித்தார். சிபோட்லேயில் வேலை பார்த்த அதே ஊர்!

பிறகு 2024-ல் பாடகர் ஜெல்லி ரோலோடு 'லோன்லி ரோடு', அது கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புற வாசனை. பெயரையும் எம்ஜிகே என்று சுருக்கி, ஆங்கிலத்தில் சின்ன எழுத்திலேயே எழுத ஆரம்பித்தார். தமிழில் நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. 2025 ஆகஸ்டில் 'லாஸ்ட் அமெரிக்கானா'. அதன் முன்னோட்டத்துக்குக் குரல் கொடுத்தது பாப் டிலன். ஆமாம், அந்தப் பழம்பெரும் பாடகர் பாப் டிலனேதான். அந்த ஆல்பத்தைப் பற்றித் தனி வீடியோ போடுகிறேன்.

அய்யோ, அப்பாவை விட்டுவிட்டேன். இதைச் சொல்லாமல் இந்தத் தட்டைப் பற்றிப் பேசவே கூடாது. ஹோட்டல் டியாப்லோ வந்தது 2019 ஜூலை 5. சரியாக ஒரு வருடம் கழித்து, 2020 ஜூலை 5, அவருடைய அப்பா இறந்துவிட்டார். அவர்களுக்குள் சுமுகமான உறவு இருந்ததில்லை. டென்வரில் இவர்களுக்கு இடம் கொடுத்த அத்தையும் இப்போது இல்லை. இரண்டு பேரையும் நினைத்துப் பாடிய பாட்டு 'லோன்லி'. அப்பா போன மூன்று மாதத்துக்குள் வந்த ஆல்பம் இது. எல்லோரும் அட்டையில் இருக்கும் இளஞ்சிவப்புக் கிட்டாரைப் பார்த்துவிட்டுக் கொண்டாட்டம் என்று நினைக்கிறார்கள். நேற்று ராத்திரி 'லோன்லி' ஓடும்போது அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவாகப் புரியாது. "யாரோ போயிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசிப் பாட்டு 'ப்ளே திஸ் வென் ஐ'ம் கான்'. மகளுக்காக எழுதியது. தான் இல்லாமல் போனபிறகு அவள் போட்டுக் கேட்பதற்காக. அதில் டிரம்ஸ் ஆர்ப்பாட்டமும் இல்லை, ராப்பும் இல்லை. எந்த வகையில் சேர்ப்பீர்கள் என்று கிட்டார் வகுப்புத் தம்பியிடம் சனிக்கிழமை கேட்கப்போகிறேன். தட்டையும் கையோடு எடுத்துப் போகிறேன், மடங்கின மூலையோடு.

விற்றவர் பதில் போட்டால் சொல்கிறேன். காபி ஆறிவிட்டது. தட்டைத் திருப்பிப் போடுகிறேன், நீங்களும் கேளுங்கள்.