செஷல்ஸ்ல உலகக் கோப்பை: தீவு முழுக்க பீச்சு, எதுக்கு ஸ்டேடியம்?

வணக்கம் மக்களே! குரல் கட்டியிருக்கு, கண்டுக்காதீங்க. நேத்து ஃபைனல்ல கத்துனதுதான். பிரேசில் 4, பெலாரஸ் 3. 2025 பீச் சாக்கர், அதாவது மணல்ல ஆடுற ஃபுட்பால் உலகக் கோப்பை, நம்ம செஷல்ஸ் தலைநகரம் விக்டோரியாவுல! ஆப்பிரிக்காவுல இந்தப் போட்டி நடக்குறது இதான் முதல் தடவை. நவசக்தி விநாயகர் கோயில் வீடியோவுல சுத்திக் காட்டுனேன்ல, அதே ஊர்தான். 16 நாட்டு ஆளுங்க வந்து இறங்கியிருந்தாங்க.

மேட்ச் காட்சி ஒண்ணுகூட போட மாட்டேன். காப்பிரைட் அடிச்சா சேனல் காலி. இன்னைக்கு முழுக்க என் மூஞ்சிதான்.

எனக்கு என்ன கடுப்புன்னா, போன வீடியோ கமெண்ட்ல பாதிப் பேரு, "அக்கா, சுத்தி பீச்சு இருக்கே, காசைக் கொட்டி எதுக்கு ஸ்டேடியம்?"னு கேட்டு வச்சிருக்கீங்க. இங்க போ வல்லோன் பீச்சுல வெறுங்காலோட ஓடிப் பாருங்க. சிப்பி குத்தும், அலை ஏறுனா பாதி கிரவுண்டு கடலுக்குள்ள. இந்த ஆட்டத்துல ஷூ கிடையாதுங்க. அதனால கல்லு, சிப்பி எதுவும் இல்லாம மணல் பொடியா இருக்கணும், குறைஞ்சது 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. எல்லைக்கோட்டைச் சுண்ணாம்புல போட்டா ரெண்டு உதையில காணாமப் போயிடும், அதனால நீல நாடாவை இழுத்துக் கட்டுறாங்க. நடுக்கோடு இல்லவே இல்ல. ரெண்டு ஓரத்துலயும் சிவப்புக் கொடி நிக்கும், கோட்டை நாமளே மனசுல போட்டுக்கணும்.

ஐயோ, தொப்பி! தொப்பியைச் சொல்லாம போயிட்டேன் பாருங்க. லீக் மேட்ச் அன்னைக்கு வெயில் மண்டையைப் பொளந்துச்சு. ரோட்டோரத்துல ஒரு அம்மா ஓலைத்தொப்பி வித்தாங்க, 200 ரூபான்னாங்க. இந்த ஊரு ரூபா, நம்ம காசுல ஆயிரத்தைத் தாண்டும். போன்ஸூர்னு இந்த ஊரு பாஷையில வணக்கம் சொன்னேன், சிரிச்சேன், ரெண்டு எட்டு நடந்துட்டு திரும்பி வந்தேன். 150க்கு வந்துட்டாங்க! தையல் பாருங்க, இதோ, விளிம்பு பாருங்க, எவ்வளவு நெருக்கம். பேரம் பேசத் தெரியலன்னு என்னைக் கிண்டல் பண்ணவங்க எல்லாம் வரிசையா வாங்க.

சரி, ஆட்டம். தெரியாதவங்களுக்கு: ஒரு பக்கம் அஞ்சு பேரு, 12 நிமிஷம் மூணு தடவை. கோல் விழுந்தாலோ ஃப்ரீ கிக் குடுத்தாலோ கடிகாரம் நிக்கும், யாராவது நேரத்தைக் கடத்துனா நடுவரும் கடிகாரத்தை நிறுத்தச் சொல்லிடுவாரு, அதனால அந்த வேலையெல்லாம் நடக்காது. இது எனக்கு ரொம்பப் புடிச்சது. டிராவும் கிடையாது. சமமா முடிஞ்சா 3 நிமிஷம் கூடுதல், அப்பவும் இழுத்தா பெனால்டி. ஆங், ஆஃப்சைடும் இல்ல. கோல்கீப்பரே தூரத்துலேந்து கோல் அடிக்கப் பாப்பாரு. ஃப்ரீ கிக்குக்கு முன்னாடி சுவர் மாதிரி நிக்கவும் கூடாது.

இப்ப மறுபடி கமெண்ட்டுக்கு வரேன். 2019 போட்டி எங்க நடந்துச்சு தெரியுமா? பராகுவே, லூக்கே. அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது! 2021 மாஸ்கோ. அங்க எந்தக் கடல்? மணலைக் கொண்டாந்து கொட்டுனா முடிஞ்சுது. நேத்து ஃபைனல் ஆடுன பெலாரஸுக்கும் கடல் இல்ல, ஆனா பிரேசிலுக்கு மூணு கோல் போட்டுட்டாங்க. நான் கொடியே இல்லாம அவங்களுக்குத்தான் கத்துனேன். ஜெயிச்சிருக்கலாம். பிரேசிலுக்கு ஃபிஃபா நடத்த ஆரம்பிச்சதுலேந்து இது ஏழாவது கப்பு, அவங்க வீட்டுல அதை வைக்க இடம் இருக்கா என்ன?