நுரை நிலைத்தால் மூச்சு நிற்காது

அவையோருக்கு வணக்கம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரல் முதிர்ந்துவிட்டதா என்று பார்க்க, சோதனைக்குழாயும் ஆல்கஹாலும் போதும் என்றால் நம்புவீர்களா? கருவின் நுரையீரலில் ஊறும் நீர் மேலே வந்து பனிக்குடநீரில் கலக்கும்; அதைக் கரு விழுங்கும். அதனால் பிறந்ததும், பால் கொடுக்கும் முன்பே, மெல்லிய குழாய் விட்டு வயிற்றிலிருந்து அரை மில்லி நீர் எடுக்கிறோம். அதே அளவு உப்புநீரும் ஒரு மில்லி ஆல்கஹாலும் சேர்த்து 15 விநாடி நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் அப்படியே வைக்கிறோம். விளிம்பைச் சுற்றிக் குமிழிகள் வளையமாக நின்றால் நிம்மதி. ஒன்றுகூட இல்லையென்றால் அந்தக் குழந்தையை விட்டு நகரக் கூடாது.

புரதங்களால் வரும் நுரையை ஆல்கஹால் அமுக்கிவிடும். நுரையீரலில் சுரக்கும் சர்ஃபாக்டன்ட்டின் நுரை மட்டும் தாக்குப்பிடிக்கும். காற்றுப்பைகள் ஒவ்வொரு மூச்சிலும் சுருங்கி ஒட்டிப் போகாமல் காப்பது அந்தப் பொருள்தான். அது குறைவதே குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்று 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். ஆனாலும் 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக்கை, பிறந்த இரண்டே நாளில் இதே நோய் கொண்டுபோயிற்று. காரணம் தெரிந்திருந்தது, கொடுக்க மருந்து இல்லை.

1971இல் லூயிஸ் க்ளக் குழு பனிக்குடநீரில் லெசித்தின், ஸ்பிங்கோமைலின் என்ற இரு கொழுப்புகளின் விகிதத்தை அளந்தது. 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதிர்ச்சி என்பது பொதுக் கணக்கு. தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் இதை அப்படியே நம்ப முடியாது. பிறகு வந்த முறை எனக்குப் பிடித்தது: சர்ஃபாக்டன்ட் பொதிந்த லாமெல்லர் துகள்கள் ஏறக்குறைய ரத்தத் தட்டணுக்களின் அளவே இருப்பதால், சாதாரண ரத்த எண்ணிக்கைக் கருவியே அவற்றை எண்ணிவிடும்! ரத்தமோ கருவின் மலமோ கலந்துவிட்டால் மட்டும் முடிவு தடுமாறும்.

பிரசவத்துக்கு முன் பனிக்குடநீரைக் குத்தி எடுத்துச் சோதிப்பது இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. நுரையீரல் முதிர்ந்த குறைமாதக் குழந்தைக்கும் மஞ்சள் காமாலை வரும், பால் குடிக்கத் திணறும். தவிர, கருவின் நுரையீரலை முதிர வைக்கத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம்.

பிறந்த பிறகு செய்யும் சோதனையின் கதை வேறு. சர்ஃபாக்டன்ட் தேவைப்படும் குழந்தைக்கு அதைச் சீக்கிரம் கொடுத்தால் பலன் அதிகம். தேவையில்லாத குழந்தைக்கு அதைக் கொடுக்க மூச்சுக்குழாயில் குழாய் விடுவது வீண் தொல்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு கைக்கு வந்தால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. தாமதித்தால், அதற்குள் குழந்தையின் விலா எலும்புகளே உள்வாங்கிக் காட்டிவிடும்.