290-வது ஆளாகத் தேர்வான நாட்டின் சிறந்த லைன்மேன்: சாட் ஹென்னிங்ஸ் கதை

[திரையில்: 1988 டிராஃப்ட் பட்டியல், பெயர்கள் கீழே இறங்கிக்கொண்டே போகின்றன]

1988 ஏப்ரல். அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கிறது. அந்தக் காலத்தில் மொத்தம் 12 சுற்றுகள். 11-வது சுற்று வரும்போது பெரும்பாலான பத்திரிகையாளர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்தச் சுற்றில்தான், 290-வது தேர்வாக, டல்லஸ் கவ்பாய்ஸ் அணி ஒரு பெயரைச் சொன்னது: சாட் ஹென்னிங்ஸ். விமானப்படை அகாடமி, டிஃபென்சிவ் டேக்கிள்.

சில மாதங்களுக்கு முன்புதான் இதே ஆளுக்கு அவுட்லேண்ட் டிராஃபி கிடைத்திருந்தது. கல்லூரி ஃபுட்பாலில் நாட்டின் சிறந்த இன்டீரியர் லைன்மேனுக்கு, அதாவது முன்வரிசையின் நடுப்பகுதியில் ஆடுபவருக்கு, 1946-லிருந்து கொடுக்கப்படும் விருது அது. நாட்டிலேயே முதல் ஆள் என்று விருது சொல்கிறது, டிராஃப்டில் அவருக்கு முன்னால் 289 பேர் போய்விட்டார்கள். காயமா? இல்லை. ஒழுக்கப் பிரச்சினையா? அதுவும் இல்லை. அவர் படித்த கல்லூரிதான் காரணம். இந்த வீடியோவில் பார்க்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.

[திரையில்: களத்தின் வரைபடம், நடுவில் இரண்டு வரிசையாக வீரர்கள்]

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஃபுட்பால் என்றாலும் இது மெஸ்ஸி ஆடும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரணியை முட்டித் தள்ளி முன்னேறும் அமெரிக்க ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணியின் மூளை குவாட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய ஆட்கள் சுவராக நிற்பார்கள். அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போவதுதான் டிஃபென்சிவ் லைன்மேனின் வேலை. குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைத் தரையில் சாய்த்துவிட்டால் அது ஒரு சாக். கபடியில் ரெய்டர் போனஸ் கோட்டைத் தொடும் முன்பே மடக்கிப் பிடிப்பது மாதிரி. எதிரணிக்குத் தூரமும் போகும், தைரியமும் போகும்.

அதிலும் டேக்கிள் என்பவர் வரிசையின் நடுவில் நிற்பவர். ஓரத்தில் நிற்கும் எண்டுக்குச் சுற்றிக்கொண்டு ஓட இடம் உண்டு. டேக்கிளுக்குக் கிடையாது. பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தடுப்பார்கள். அதனால் டேக்கிள்களுக்கு சாக் எண்ணிக்கை பொதுவாகக் குறைவு. ஒரு சீசனில் எட்டு, பத்து வந்தாலே பெரிய விஷயம்.

ஹென்னிங்ஸ் 1987 சீசனில் எடுத்தது 24.

இன்னொரு முறை சொல்கிறேன், இருபத்து நான்கு. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகம். இங்கே ஒரு சின்ன குறிப்பு. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 2000-லிருந்துதான் சாக்குகளை அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தது. அதற்கு முந்தைய எண்கள் எல்லாம் அந்தந்தக் கல்லூரி வைத்த கணக்கு. ஆகவே சாதனைப் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். அதற்காக 24 முறை குவாட்டர்பேக்குகள் தரையில் விழாமல் இருந்துவிடவில்லை.

[திரையில்: அயோவா மாநில வரைபடம், பிறகு கொலராடோ மலைகள்]

ஆள் யார்? 1965-ல் பிறந்தவர். அயோவா மாநிலத்தில் எல்பெரான் என்ற ஊர். மொத்த மக்கள்தொகையே ஓர் இருநூறு பேர்தான். விவசாயக் குடும்பம். பள்ளியில் ஃபுட்பாலோடு மல்யுத்தமும் உண்டு. அயோவாவில் மல்யுத்தம் சும்மா பொழுதுபோக்கு இல்லை, அங்கே அதுதான் ஊர்ப் பெருமை. லைன்மேனுக்கு மல்யுத்தப் பின்னணி இருந்தால் என்ன லாபம் என்று கோச்சுகளைக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். எதிராளியின் இடுப்புக்குக் கீழே தன் எடையை வைப்பது, அவன் கையை விலக்கிவிட்டு நுழைவது, சமநிலை தவறும் அரை நொடியைக் கண்டுபிடிப்பது. இந்த மூன்றும் மல்யுத்தக்காரருக்குப் பழகிப்போன வேலை.

ஆறடி ஆறங்குல உயரம் கொண்ட அவர் போய்ச் சேர்ந்தது கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படை அகாடமியில். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே, ராக்கி மலையடிவாரத்தில் இருக்கும் கல்லூரி.

ராணுவ அகாடமி ஃபுட்பாலைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதை புரியாது. தரைப்படைக்கு வெஸ்ட் பாயிண்ட், கடற்படைக்கு அனாபொலிஸ், விமானப்படைக்குக் கொலராடோ ஸ்பிரிங்ஸ். மூன்றுமே பட்டம் தரும் கல்லூரிகள், கட்டணம் இல்லை. பதிலுக்கு, படித்து முடித்ததும் அதிகாரியாகக் குறைந்தது ஐந்து வருடம் பணியாற்ற வேண்டும். விமானியாகப் பயிற்சி எடுத்தால் இன்னும் கூடும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் கடமை ஒன்றும் இல்லை; மூன்றாம் ஆண்டு வகுப்பில் காலை வைத்தால் கையெழுத்துப் போட்ட மாதிரி.

விளையாட்டு வீரர் என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது. சீருடை, அணிவகுப்பு, பொறியியல் பாடங்கள் எல்லாம் எல்லோருக்கும் உண்டு. எடைக்கும் உடல் தகுதிக்கும் ராணுவ விதிகள் உண்டு. மற்ற பல்கலைக்கழகங்கள் முந்நூறு பவுண்டு ஆட்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்கும். அகாடமிகளால் அது முடியாது, முந்நூறு பவுண்டு ஆளை விமானத்தில் எங்கே உட்கார வைப்பது? அதனால்தான் அகாடமி அணிகள் பல காலமாக ஆப்ஷன் என்ற முறையில் ஆடுகின்றன. எடையால் மோதாமல், பந்து யாரிடம் போகிறது என்று எதிராளியைக் குழப்பி ஓடும் முறை அது. ஹென்னிங்ஸ் காலத்து கோச் ஃபிஷர் டிபெரி அதில் கைதேர்ந்தவர். 1987-ல் அவருடைய குவாட்டர்பேக் டீ டவிஸ் உடல்வாகில் சின்னப் பையன், ஆனால் ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது.

பந்து கையில் இருக்கும்போது குழப்பலாம், சரி. எதிரணி கையில் இருக்கும்போது? தடுப்பாட்டத்தில் தந்திரம் ஓரளவுக்குத்தான் உதவும், யாராவது ஒருவர் நடுவில் நின்று இடிபட வேண்டும். அகாடமிகளுக்கு எப்போதும் பஞ்சம் அந்த ஆளுக்குத்தான். ஹென்னிங்ஸ் மாதிரி ஒருவர் அங்கே வருவது அபூர்வம் என்று சொல்வது இதனால்தான். இன்றுவரை அவுட்லேண்ட் வாங்கிய ஒரே விமானப்படை வீரர் அவர்தான்.

[திரையில்: 1985 சீசன் புகைப்படங்கள்]

அவர் காலத்து அணியும் லேசுப்பட்டதல்ல. 1985-ல், அவர் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, விமானப்படை 12 வெற்றி, ஒரே தோல்வி. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தை வென்றார்கள், ஆண்டுக் கடைசியில் புளூபானட் பவுலில் (பவுல் என்பது சீசன் முடிந்ததும் நடக்கும் சிறப்பு ஆட்டம்) டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 24-16 என்று வென்றார்கள். தோற்ற ஒரே ஆட்டம் பிஒய்யு, அதாவது பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திடம். அது மட்டும் ஜெயித்திருந்தால் தேசிய சாம்பியன் பேச்சில் விமானப்படையின் பெயர் இருந்திருக்கும். இன்று யோசித்தால் நம்பவே முடியவில்லை.

மூன்று அகாடமிகளுக்குள் நடக்கும் போட்டியில் ஜெயிப்பவருக்குக் கமாண்டர்-இன்-சீஃப் கோப்பை. 1985-லும் 1987-லும் அது கொலராடோவுக்கு வந்தது. 1987 சீசன் ஃப்ரீடம் பவுலில் அரிசோனா ஸ்டேட்டிடம் 33-28 தோல்வியோடு முடிந்தது. 9 வெற்றி, 4 தோல்வி. அதோடு ஹென்னிங்ஸின் கல்லூரி ஆட்டம் முடிந்தது.

இப்போது டிராஃப்டுக்குத் திரும்புவோம். ஓர் அணியின் மேலாளராக இருந்து யோசித்துப் பாருங்கள். வயது 22. திறமையில் சந்தேகம் இல்லை. ஆனால் இவர் விமானி ஆகப் போகிறார், பல வருடம் வரமாட்டார். வரும்போது வயது என்ன, உடம்பு எப்படி, ஆட ஆசையாவது இருக்குமா, எதுவும் தெரியாது. லைன்மேனின் நல்ல வருடங்கள் இருபதுகளில்தான். இப்படி ஒருவருக்காக முதல் சுற்றுத் தேர்வை யார் வீணாக்குவார்கள்? 11-வது சுற்றில் என்றால் பரவாயில்லை, போனால் போகட்டும், லாட்டரிச் சீட்டு.

அந்தச் சீட்டை வாங்கியது டல்லஸ் என்பதில் ஆச்சரியம் இல்லை. அவர்களுக்கு முன் அனுபவம் உண்டு. 1963-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் டிராஃபி வென்ற கடற்படை அகாடமி குவாட்டர்பேக் ரோஜர் ஸ்டாபக்கை 1964 டிராஃப்டில் 10-வது சுற்றில் எடுத்து வைத்தார்கள். அவர் கடற்படைப் பணி முடித்து, வியட்நாமும் போய்விட்டு, 1969-ல் 27 வயதில் வந்து சேர்ந்தார். பிறகு இரண்டு சூப்பர் பவுல்கள், அதாவது என்எஃப்எல் இறுதிப் போட்டிகள், ஜெயித்துக் கொடுத்தார்.

[திரையில்: ஏ-10 விமானம்]

ஹென்னிங்ஸ் டெக்சாஸின் ஷெப்பர்ட் தளத்தில் பறக்கக் கற்றுக்கொண்டார். கிடைத்தது ஏ-10 தண்டர்போல்ட், செல்லப் பெயர் வார்ட்ஹாக், அதாவது காட்டுப்பன்றி. அழகில் அந்தப் பெயருக்குக் குறைவில்லை. முன்மூக்கில் ஏழு குழல் 30 மில்லிமீட்டர் பீரங்கி, விமானியைச் சுற்றி டைட்டானியம் கவசத் தொட்டி. தாழப் பறந்து தரைப்படைக்குத் துணை நிற்பதற்கென்றே செய்த விமானம். ஒரே ஓர் இருக்கை. ஆறரை அடி மனிதர் அதற்குள் தன்னை மடித்து வைத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பணி இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், பென்ட்வாட்டர்ஸ் தளத்தில். 1991-ல் வளைகுடாப் போர் முடிந்ததும் வடக்கு ஈராக்கில் குர்துகள் கிளர்ந்தெழுந்தார்கள், சதாம் உசேன் படை அவர்களை நசுக்கியது. லட்சக்கணக்கானவர்கள் துருக்கி எல்லை மலைகளுக்கு ஓடினார்கள். குளிர், பசி. அவர்களுக்கு உணவும் போர்வையும் கொண்டுசேர்க்க நடந்ததுதான் ஆபரேஷன் ப்ரொவைட் கம்ஃபர்ட். சரக்கு விமானங்கள் பொதிகளைப் போடும்போது பாதுகாப்புக்குப் பக்கத்தில் பறப்பது ஏ-10களின் வேலைகளில் ஒன்று. அந்த நடவடிக்கையில் ஹென்னிங்ஸ் 45 முறை பறந்தார்.

அவர் பறந்துகொண்டிருந்த நேரத்தில் அவரைத் தேர்ந்தெடுத்த அணியே காணாமல் போய்விட்டது. 1989-ல் ஜெர்ரி ஜோன்ஸ் கவ்பாய்ஸை வாங்கினார், 29 வருடம் கோச்சாக இருந்த டாம் லாண்ட்ரியை அனுப்பிவிட்டு ஜிம்மி ஜான்சனைக் கொண்டுவந்தார். முதல் வருடம் ஒரு வெற்றி, 15 தோல்வி. 290-வது தேர்வில் எடுத்த ஒரு விமானியைப் பற்றி அங்கே யாருக்கு நினைவிருக்கும்?

அப்புறம் சோவியத் யூனியன் உடைந்தது. பனிப்போர் முடிந்தது என்று அமெரிக்கா படைகளைக் குறைக்க ஆரம்பித்தது, அதிகாரிகள் முன்கூட்டியே விலக வழி பிறந்தது. 1992 வசந்த காலத்தில், இன்னும் பணிக்காலம் பாக்கி இருக்கும்போதே, ஹென்னிங்ஸ் வெளியே வந்தார். மாஸ்கோவில் நடந்த அரசியலால் டல்லஸுக்கு ஒரு டிஃபென்சிவ் டேக்கிள் கிடைத்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

[திரையில்: கவ்பாய்ஸ் தடுப்பு வரிசை, 1992]

நான்கு வருடம் ஆடாத 26 வயது புதுமுகம். நேரம் மட்டும் அருமையாக அமைந்தது. அதே வருடம் சாக் எடுப்பதில் பேர்போன சார்லஸ் ஹேலியும் டல்லஸுக்கு வந்தார். டோனி டால்பர்ட், ரஸ்ஸல் மேரிலாண்ட், டோனி கசியாஸ், லியான் லெட் என்று முன்வரிசையில் ஆட்கள் நிறைய. ஜிம்மி ஜான்சன் அவர்களை மாற்றி மாற்றி இறக்குவார், நான்காவது குவாட்டரில் எதிரணி மூச்சு வாங்கும்போது இவர்கள் புதிதாக இருப்பார்கள். அந்தச் சுழற்சியில் ஹென்னிங்ஸுக்கும் இடம் கிடைத்தது.

1993 ஜனவரியில் பஃபலோ பில்ஸை 52-17 என்று வென்று சூப்பர் பவுல். அடுத்த ஜனவரியில் அதே பஃபலோ, 30-13. 1996 ஜனவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், 27-17. சாம்பியன்களுக்குத் தரும் மோதிரம், அவருக்கு மூன்று. 2000 சீசன் வரை டல்லஸிலேயே ஒன்பது சீசன்கள், 119 ஆட்டங்கள், 27.5 சாக்.

அந்தக் கடைசி எண்ணை மட்டும் கொஞ்சம் பாருங்கள். கல்லூரியில் ஒரே சீசனில் 24. தொழில்முறை ஆட்டத்தில் ஒன்பது சீசன்களுக்குச் சேர்த்து 27.5. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். எதிராளிகளின் தரம் வேறு, சுழற்சியில் களத்தில் நிற்கும் நேரமும் குறைவு. அவர் நல்ல, நம்பகமான லைன்மேனாக ஆடினார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1987-ல் கொலராடோவில் ஆடிய அந்த ஆளை என்எஃப்எல் ஒருபோதும் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 22-லிருந்து 26 வரையான வருடங்கள் துருக்கி எல்லை வானத்தில் போய்விட்டன. அவற்றைக் கொடுத்தது நஷ்டமா என்று அந்த மலையில் பொதிக்காகக் காத்திருந்தவர்களைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். 2006-ல் கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

[திரையில்: வெஸ்ட் பாயிண்ட் அணி, 2021]

இந்த விதி இன்றும் தீராத சர்ச்சை. 2016 வாக்கில் அகாடமி வீரர்கள் பணியைத் தள்ளிவைத்துவிட்டு நேராக என்எஃப்எல் போக வழி திறந்தது. 2017-ல் பாதுகாப்புச் செயலர் மேட்டிஸ் அதை மூடினார். 2019-ல் டிரம்ப் மறுபடி திறந்தார். அதன் நடுவே வெஸ்ட் பாயிண்டில் ஆண்ட்ரே கார்ட்டர் என்ற எட்ஜ் ரஷர், அதாவது ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கை விரட்டும் வீரர், 2021 சீசனில் 15.5 சாக் எடுத்து, டிராஃப்டில் நல்ல இடம் பிடிப்பார் என்ற பேச்சு கிளம்பியது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் வழியை அடைத்தது. அதே மாதம் இன்னொரு சட்டத்தில், 2021 ஜூனுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு என்று எழுதியது. கார்ட்டர் தப்பித்தார். 2023 டிராஃப்டில் இப்போது இருக்கும் ஏழு சுற்றுகளிலும் அவரை யாரும் எடுக்கவில்லை. டிராஃப்ட் முடிந்த பிறகு மினசோட்டா வைக்கிங்ஸ் ஒப்பந்தம் கொடுத்தது.